உட்கார இடமில்லாத சீர்

அத்தியாயம் பதினொன்று

தங்கதுரையின் மாட்டுக்கொட்டகையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டிலும் சீட்டு கிடையாது.

மோர் வாங்க வந்தவர்கள், கரும்பு வெட்டு எப்போது என்று கேட்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு வாரமாக அதையேதான் கேட்டார்கள். "சீட்டு எங்க?" தங்கதுரையின் மனைவி தைலம்மாள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் "பின்னால வரும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை எந்த வண்டி கேட்டாலும் அது என்னோட சீர்" என்று தங்கதுரை அறிவித்தது உங்களுக்கு மறந்திருக்காது. மறந்திருந்தாலும் ரிஷிவந்தியம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மாப்பிள்ளை இளஞ்செழியன் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எழுத்தர். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டத் தெரியாதவன். கல்யாணம்வரை ஷேர் ஆட்டோவில் போய் ஷேர் ஆட்டோவில் திரும்பினவன். "எனக்கு எதுக்கு மாமா வண்டி? மொழி இன்னா கேக்குதோ அத வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டான். மண்டபமே கைதட்டியது.

மொழி என்கிற தமிழ்மொழி, பள்ளியில் விளையாட்டு டீச்சர், கல்வராயன் மலையில் பாறை ஏறுகிற வண்டி வேண்டும் என்று வாய் திறந்தபோதுதான் தட்டிய கைகள் எல்லாம் கன்னத்துக்குப் போயின.

ட்ரையல்ஸ் வண்டி என்பார்கள். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாறை, வேர், ஓடை என்று ஆள் நடக்கவே யோசிக்கிற இடத்தில் நின்றுகொண்டே, காலைக் கீழே ஊன்றாமல், மெதுவாக ஓட்டிப் போகவேண்டும். கால் தரையில் பட்டால் போட்டியில் மார்க் போச்சு. உட்காரவே போவதில்லை என்பதால் செய்தவர்கள் சீட்டை வைக்காமலே விட்டுவிட்டார்கள். இதைத் தங்கதுரைக்கு விளக்கினால், "உக்காராம ஓட்றதுக்கு இன்னாத்துக்கும்மா வண்டி, நடந்தே போவலாமே" என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளை வெள்ளிமலைக்கு முகாம் கூட்டிப்போன இடத்தில், ட்ரையல்ஸ் சொல்லிக்கொடுக்கிற அய்யப்பனின் வகுப்பைப் பார்த்ததிலிருந்து தமிழ்மொழிக்கு இது பிடித்துக்கொண்டது. பிறந்தது முதல் அவளை எல்லோரும் ஓடு, ஓடு என்றுதான் விரட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியில் ஏறி ஒரு பாறைமேல் அசையாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் எதுவும் சொல்லாத நேரமாக இருந்தது. அதை அவளால் விடமுடியவில்லை.

ஆவணியில் புது வகுப்பு. சொந்த வண்டி உள்ளவர்களுக்குத்தான் இடம். அய்யப்பன் நல்ல மனுஷன். தன்னிடம் இருந்த இரண்டு பழைய வண்டிகளையும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பி, "ஒரு வாரம் வெச்சிப் பாருங்க டீச்சர். புடிச்சத வெச்சிக்கினு மத்தத அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து குழப்பம்தான். சின்ன வண்டி எடை கம்மி, விழுந்தாலும் ஒரே ஆளாகத் தூக்கலாம் என்று ஒருவர். பெரியது ரொம்பப் பழசு, பாகம் கிடைக்காது என்று ஒருவர். முதலில் சீட்டு இருக்கிற சாதா வண்டியில் பழகு என்று ஒருவர். செல்போனில் பார்த்தால் வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தமிழ்மொழி காலையில் சின்னது என்பாள், மத்தியானம் பெரியது என்பாள், ராத்திரி எதுவும் வேண்டாம் என்பாள். நேற்று ஒருவழியாக அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"சின்னதுதாம்பா. புதுசா பழகறவங்களுக்கு அதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்குப் பெருச மலையில வுட்டுட்டு வந்துடறேன்."

தங்கதுரைக்குப் பெரிய நிம்மதி. இன்றைக்கு ஆடிப்பெருக்கு. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு மாப்பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிற வழக்கத்தில், அவன் விருந்துக்கு வரக்கூடிய நாள் இது ஒன்றுதான். ஆடியில் புதுப்பொருளுக்குப் பூசை போடவும் இதை விட்டால் நாள் இல்லை.

"நீ போய்ட்டு வா. நான் சின்னதுக்குப் பூசை போட்டு ரெடியா வெக்கறேன்" என்றார்.

இந்த 'ரெடி' என்கிற வார்த்தையைத் தமிழ்மொழி கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

* * *

விடிந்ததும் குட்டியானையில் பெரிய வண்டியை ஏற்றிக்கொண்டு தமிழ்மொழி கிளம்பினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற ஆடிக்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. வெள்ளிமலைக்கு அப்பால் அய்யப்பனின் கல்லுக்காட்டில் இறங்கினபோது அவள் காது அடைத்திருந்தது.

"பெருசு வேணாம்ணா. சின்னதே வெச்சிக்கறேன்."

"சரிங்க டீச்சர். ஆனா எறக்கினது எறக்கினீங்க, ஒரு தபா படிப்பாறையில ஏத்திட்டு வாங்க. குடுத்துட்டுப் போற வண்டிதான. தப்பா போனாலும் இன்னா?"

படிப்பாறை என்பது படிபோல் மடிந்து மடிந்து ஏறுகிற சரிவு. வண்டிகள் வீட்டுக்கு வருவதற்கு முன், மலைக்குப் பழகப் போனபோதெல்லாம் சின்ன வண்டியில் அவள் அதனிடம் தோற்றுப்போயிருந்தாள். முறுக்கினால் வண்டி துள்ளும். முறுக்காவிட்டால் பாதியில் அணைந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் கால் தரைக்கு வந்துவிடும். நமக்குத்தான் வரவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கு நெஞ்சில் பாரம் இல்லாமல் ஏறினாள். பெரிய வண்டி சத்தமே போடவில்லை. பசித்த எருமை மேடேறுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு தன்பாட்டுக்கு ஏறியது. முதல் மடிப்பு, அடுத்த மடிப்பு. நடுவில் ஓரிடத்தில் நின்றேவிட்டது. அணையவில்லை. அவள் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சை விட்டு, லேசாக முறுக்கினாள். மறுபடி ஏறியது. உச்சியில் நின்று கீழே பார்த்தபோதுதான் கால் எங்கேயும் ஊன்றவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

சத்தம் போட்டுச் சிரித்தாள். அழுகையும் வந்தது.

"இது எப்டிண்ணா?" கீழே வந்ததும் கேட்டாள்.

"சின்ன இஞ்சினுக்கு மெதுவா போறப்ப இழுவை கம்மி. முறுக்கி, கிளட்ச்சப் புடிச்சி, வுட்டு, அதெல்லாம் கை பழகினவனுக்கு. பெருசு கீழருந்தே நிதானமா இழுக்கும். இத நான் வேற கொஞ்சம் சாதுவாக்கி வெச்சிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு இதான் சரி."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"இதுக்கு வெல ஜாஸ்தி. நான் சொன்னா விக்கறதுக்குச் சொல்றான்னு நெனப்பீங்க." அய்யப்பன் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு டீச்சர். ரெண்டுல ஒண்ண இன்னிக்குச் சேலத்துக்காரர் ஒருத்தருக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன். சாயந்தரம் சின்னசேலத்துல வந்து நிப்பாரு. நானும் உங்ககூட வரேன். பெருச உங்க வூட்ல எறக்கிட்டு சின்னத ஏத்திக்கலாம்."

அப்பாவிடம் சொல்ல செல்போனை எடுத்தாள். மலையில் டவர் இல்லை. கச்சிராயபாளையத்துக்கு இறங்கியதும் கிடைத்தது. அடித்தாள், அடித்தாள், அவர் எடுக்கவில்லை. கோயிலில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. வந்திருக்கிற புருஷனை நிற்கவைத்து, படிப்பாறையை எப்படி ஏறினேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லவேண்டும்.

* * *

வாசலில் சின்ன வண்டி நின்றது. சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அதுவரை சரி.

வண்டியின் நடுவில் சிவப்பு ரெக்சின் போட்ட ஒரு நீளச் சீட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. பக்கவாட்டில், புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு சேலைக் கார்டு. முன்னால் இரண்டு பக்கமும் முட்டிக்குக் காவலாகப் பளபளவென்று இரும்பு கார்டு. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க இரண்டு கட்டை. இத்தனையும் சேர்ந்து, காட்டில் திரிந்த ஒன்றைப் பிடித்து வந்து கல்யாண மாப்பிள்ளை வேஷம் போட்டாற்போல் இருந்தது.

தங்கதுரை புதுவேட்டியில் நின்று சிரித்தார். "எப்டிம்மா? ஞாயித்துக்கிழமைன்னு பட்டறைக்காரன் வர மாட்டேன்னான். வூட்டுக்கே போய் எழுப்பிக் கூட்டியாந்தேன். இப்பத்தான் இது வண்டி!"

அய்யப்பன் இறங்கி வந்து வண்டியின் அடியில் குந்தினார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த ஃப்ரேம் அலுமினியமாச்சேண்ணா. சீட்ட எப்டி நிறுத்தினாரு?"

"வெல்டிங் புடிக்கலன்னான். அப்பறம் ஓட்ட போட்டு போல்ட்டு ஏத்திட்டான். கெட்டியா இருக்குது. நான் ஏறிக் குதிச்சே பாத்துட்டேன்."

அய்யப்பன் எழுந்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"இனிமே இது பாறை ஏறாதுங்க. ஏத்தினா ஓட்ட போட்ட எடத்துல எப்ப விரியும்னு சொல்ல முடியாது. ரோட்டுல ஓட்றதுக்கும் இதுக்குப் பதிவு கெடயாது. வயக்காட்டுக்குப் போய்ட்டு வரலாம், அவ்ளோதான்."

"அதனால இன்னா? எங்க வண்டிதான?"

"அப்பா, நான் பெருசு எடுத்துக்கலாம்னு வந்தேம்பா" என்றாள் தமிழ்மொழி. "சின்னத அண்ணன் சேலத்துக்காரருக்குக் குடுக்கணும்."

தங்கதுரை மகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். "நேத்து நீதானம்மா சின்னதுன்ன?"

"நேத்து தெரியாதுப்பா!"

"அப்ப ரெண்டையும் நாமளே எடுத்துக்கலாம். இன்னா இப்ப?"

அய்யப்பன் தலையாட்டினார். "காசு விஷயம் இல்லண்ணா. அந்த மனுஷன் ரெண்டு மாசமா காத்துக்கினு இருக்காரு. வாக்குக் குடுத்துட்டேன். இத அவருக்குத் தர முடியாது. பெருசுதான் போவணும்." தமிழ்மொழியின் முகத்தைப் பார்க்காமல், "வேற வண்டி வந்தா சொல்றேன் டீச்சர். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

படிப்பாறையின் உச்சி தமிழ்மொழியின் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அடுத்த நிமிடம் அவள் வெடித்தாள்.

"உன்ன யாருப்பா சீட்டு வெக்கச் சொன்னது? நான் கேட்டனா? உன் பங்காளிங்க முன்னாடி பெருமை அடிச்சிக்கறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? மேடையில மைக்குல பேசினது பத்தலயா? ஒரு வாட்டியாவது நான் சொல்றது உன் காதுல வுழுந்துருக்கா?"

எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன. பஞ்சாயத்துகளில் நான்கு பேரை உட்காரவைத்துப் பேசுகிற தங்கதுரை, வாசலில் நின்று மகளிடம் வாங்கிக்கொண்டார்.

"நாந்தாம்மா போட்டேன். எனக்குத் தெரியல" என்றார். தோள்துண்டை எடுத்து, துடைக்க எதுவுமில்லாத கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

இளஞ்செழியன் வாசல் தூணோரம் நின்றிருந்தான். காலையிலேயே வந்துவிட்டான். விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக்குரிய பட்டுச்சட்டை. கையில் பூசையில் மிச்சமான ஒரு முழம் சாமந்தி.

* * *

அய்யப்பனுக்கு நீர்மோர் கொடுத்துவிட்டு வந்த தைலம்மாள் மகளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி அவர அந்தப் பேச்சு பேசின?"

"பேசாம? எல்லாத்தையும் கெடுத்துட்டு நிக்கறாரு."

"சீட்டு வெக்கணும்னு அவரு சொல்லல." தைலம்மாள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினாள். "காலையில உங்கப்பா மாலையோட நிக்கறாரு. மாப்ள வந்தாரு. வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. 'மாமா, இதுல பின்னாடி உக்கார எடம் ஒண்ணு வெக்க முடியாதா'ன்னு கேட்டாரு. மாப்ள வாயத் தொறந்து இந்த வூட்ல கேட்ட மொத விஷயம். உங்கப்பாவுக்குத் தல கால் புரியல. அந்தக் கம்பி, கார்டு எல்லாம் அவரா சேத்துக்கினாரு, அது அவரு தப்புதான். சீட்டு மாப்ள கேட்டது."

"அப்ப ஏன் நாந்தான் போட்டேன்னு சொன்னாரு?"

"வேற இன்னா சொல்லுவாரு? ஆடி விருந்துக்கு வந்த மாப்ளைய நாலு பேரு முன்னாடி காட்டிக் குடுக்கச் சொல்றியா? நீ இன்னாடி இந்த ஊர்ல பொறந்தவதான?"

தமிழ்மொழி தூணோரம் போனாள். இளஞ்செழியன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"நீங்கதான் கேட்டீங்களா?"

"ஆமா மொழி."

"எதுக்குங்க?"

அவன் சாமந்தியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து உன் ஸ்கூட்டியில உன் பின்னாடி உக்காந்துதான் வரேன். ஆபீஸ்ல கிண்டல் பண்றாங்க. நான் கவலப்பட்டதே இல்ல. எனக்கு அது புடிச்சிருந்துது. நீ ஓட்டிக்கினே எதுனா சொல்லுவ, காத்துல பாதிதான் கேக்கும், அதுவே போதும்." நிறுத்தினான். "உனக்கு இன்னா வேணுமோ வாங்கிக்கன்னு சொன்னேன். நீ பாத்துப் பாத்து, எனக்கு எடமே இல்லாத வண்டியா வாங்கற. இந்த ஆடி பொறந்ததுலருந்து தனியா படுத்துக்கினு அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

தமிழ்மொழிக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. பாறைமேல் இரண்டு பேர் உட்காரமுடியாது என்று சொல்லவேண்டும். அது உங்களைவிட்டுப் போகிற வண்டி இல்லை என்று சொல்லவேண்டும். இதை ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்கவேண்டும். கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது, சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போலவும் இருந்தது. எதை முதலில் செய்வது என்றே அவளுக்குப் புரியவில்லை.

அப்போது கொட்டகைக்குள் அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டை எடுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. இந்நேரத்தில் எந்த மாட்டுக்கும் தட்டை போடமாட்டார்.

"நீங்க சீட்டு கேட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேங்க" என்றாள். "ஊரே பாக்க எங்கப்பாவ நான் அவ்ளோ பேச்சு பேசினனே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

இளஞ்செழியன் தரையைப் பார்த்தான்.

"இங்கதான்" என்றான்.

தெருவில் குட்டியானை புறப்படுகிற சத்தம் கேட்டது. பெரிய வண்டி கயிறு கட்டி மேலே நின்றது. அய்யப்பன் டிரைவர் பக்கத்தில் ஏறி, யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவராகக் கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

வண்டி நகர்ந்தது.

இளஞ்செழியன் கையிலிருந்த பூவைத் தூணடியில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு தெருவில் ஓடினான். அவன் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை. பட்டுச்சட்டை காற்றில் உப்ப, குட்டியானையின் பின்பலகையை எட்டிப் பிடித்தான். ஒரு கால் வழுக்கியது, தைலம்மாள் "ஐயோ" என்றாள், எப்படியோ தொற்றி ஏறிவிட்டான். பெரிய வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டியானை ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்தது.

கொட்டகையிலிருந்து தங்கதுரை ஓடிவந்தார். துண்டு முழுக்கத் தட்டைத் தூசி.

"மாப்ள எங்கம்மா போறாரு?"

"தெரியலப்பா."

"அய்யப்பங்கிட்ட பேசி வண்டிய திருப்பி எட்த்தாரத்தான போறாரு?"

"தெரியலப்பா."

"இல்ல கோச்சிக்கினு வூட்டுக்கே போறாரா? நீ எதுனா சொன்னியா?"

அவனிடம் சொல்லித்தான் இருந்தாள். அதில் எது அதிகம், எது குறைவு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. தமிழ்மொழி அப்பாவின் துண்டை இழுத்து அதிலிருந்த தூசியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். "உன்ன நான் அப்டி பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றாள். தங்கதுரை அது காதிலேயே விழாதவர்போல ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தைலம், மாப்ள சாப்ட்டாரா?"

"எங்க சாப்ட்டாரு? காலையிலருந்து பச்சத்தண்ணி கூட வேணான்னுட்டாரு. மொழி வந்துடட்டும், சேந்து சாப்ட்டுக்கறேன்னாரு."

நடுவீட்டில் இரண்டு இலை பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. தமிழ்மொழி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.